அணை நிரம்பிய பிறகு வரும் தண்ணீர்

மேற்கு மலையில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசி, நெல்லை வட்டாரத்து விவசாயி நாளிதழில் முதலில் தேடுவது அணை நிலவரத்தைத்தான். பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118, கடனா 85, ராமநதி 84, கருப்பாநதி 72, குண்டாறு 36.10, அடவிநயினார் 132.22. இந்த எண்கள் எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். இன்றைக்கு எத்தனை அடி, நிரம்ப இன்னும் எத்தனை அடி என்ற பேச்சு டீக்கடையில் தொடங்கி வயல் வரப்பு வரைக்கும் போகும்.

இவை எல்லாம் உயரத்தின் அளவு. எவ்வளவு தண்ணீர் என்பதை இவை சொல்வதில்லை. தென்காசி வட்டாரத்து வடகரை மக்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இதில்தான் இருக்கிறது.

வடகரைக்கு மேற்கே, மேக்கரையில், அனுமன் நதியின் குறுக்கே நிற்கிறது அடவிநயினார் அணை. உயரத்தில் பாபநாசத்தைவிடப் பதினொரு அடிதான் குறைவு. பாபநாசத்தின் கொள்ளளவோ 5,500 மில்லியன் கன அடி. அடவிநயினாரின் கொள்ளளவு 174 மில்லியன் கன அடி. முப்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடையநல்லூருக்கு மேற்கே இருக்கும் கருப்பாநதி அணைக்கு 72 அடிதான் உயரம். ஆனால் அதில் 185 மில்லியன் கன அடி தேங்கும். 132 அடி அணையைவிட 72 அடி அணையில் தண்ணீர் அதிகம்.

காரணம் மலையின் வடிவம். பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் சுவருக்குப் பின்னால் அகலமான பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கிறது. மேக்கரையில் மலை நெருக்கிப் பிடிக்கிறது. குறுகலாகவும் செங்குத்தாகவும் சரிகிற பள்ளத்தில் எவ்வளவு உயரமாகச் சுவர் எழுப்பினாலும் தேங்கும் தண்ணீர் கொஞ்சம்தான். இப்படிப்பட்ட பள்ளத்தில் கீழ்ப்பாதி பெயரளவுக்குத்தான் நிறையும்; கொள்ளளவின் பெரும்பங்கு மேற்பாதியில் இருக்கிறது. பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் பாதி அணை நிரம்பிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது.

174 மில்லியன் கன அடி எவ்வளவு என்று விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போடலாம். மலையில் பத்து சதுர கிலோமீட்டர் பரப்பை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் 50 சென்டிமீட்டர் மழை பெய்து, மண் ஏற்கெனவே ஊறிப்போனதால் அத்தனையும் ஓடி வருகிறது என்று வைத்துக்கொண்டால், வரும் தண்ணீர் 50 லட்சம் கன மீட்டர். கன அடியில் சொன்னால் ஏறக்குறைய 176 மில்லியன். காலியாகக் கிடந்த அடவிநயினார் அணை அந்த ஒரு மழையில் நிரம்பி வழியும்.

ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்யுமா என்று கேட்கலாம். பெய்திருக்கிறது. இதே மலைத்தொடரில், நமக்குத் தெற்கே, மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியில் 1992 நவம்பரில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அந்த வெள்ளத்தில் தாமிரபரணி என்ன செய்தது என்பதை அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அது கடலோர ஊர், மலையே கிடையாது. முப்பது வருஷ இடைவெளியில் நம் வட்டாரத்திலேயே இரண்டு முறை நடந்துவிட்ட ஒன்றை நடக்காத காரியம் என்று ஒதுக்க முடியாது.

அணையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அந்த வேலை என்ன என்பதில்தான் குழப்பம்.

அடவிநயினார் பாசன அணை. மேட்டுக்கால், கரிசல்கால், பண்பொழிகால், வல்லாகுளம்கால், இலத்தூர்கால், நயினாரகரம்கால், கிளங்காடுகால், கம்பளிகால், புங்கன்கால், சாம்பவர்வடகரைகால் என்று அனுமன் நதியிலிருந்து பிரியும் கால்களுக்கும், அவை நிரப்பும் குளங்களுக்கும், அவற்றை நம்பியிருக்கும் சுமார் 7,600 ஏக்கர் நிலத்துக்கும் தண்ணீர் தருவதுதான் அதன் நோக்கம். இந்தக் கால்களும் குளங்களும் அணையைவிட மூத்தவை. முன்பெல்லாம் மலையில் மழை பெய்தால் ஆற்றில் வெள்ளம் வரும், நின்றால் வற்றும். நாற்று நட்டபின் பத்து நாள் மழை பொய்த்தால் கார் பயிர் கருகிவிடும். பெய்த தண்ணீரை மலையடியிலேயே பிடித்து, விட்டுவிட்டுப் பெய்யும் மழையைத் தொடர்ந்து ஓடும் தண்ணீராக மாற்றிக் கொடுப்பதே அணையின் பயன்.

பாசனத்துக்கு விநாடிக்கு நூறு கன அடியை ஒட்டித் திறந்துவிடுகிறார்கள். அந்த வேகத்தில் ஒரு நாளைக்கு 8.64 மில்லியன் கன அடி வெளியேறும். அப்படியானால் முழுதும் நிரம்பிய அணை, புதுத் தண்ணீர் வராவிட்டால் இருபது நாளில் காலி. ஒரு பயிரைக் கரை சேர்க்க இருபது நாள் தண்ணீர் போதாது. அதனால்தான் இந்த அணை ஒரு பருவத்துக்குள் பலமுறை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. தென்மேற்குப் பருவமழை காருக்கும் வடகிழக்குப் பருவமழை பிசானப் பயிருக்கும் அதை நிரப்பிக் கொடுக்கின்றன. வருஷம் முழுவதுக்குமான சேமிப்பு இங்கே கிடையாது. வருவதைக் கொஞ்ச நாள் பிடித்துவைத்துப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு மட்டுமே உண்டு.

வெள்ளத்தைத் தடுப்பதற்கென்று கட்டும் அணையின் இலக்கணம் வேறு. அதில் மேல்பகுதியைக் காலியாகவே வைத்திருப்பார்கள். தாமோதர் பள்ளத்தாக்கிலும் மகாநதியின் ஹிராகுட்டிலும் அப்படி வெள்ளத்துக்கென்று இடம் ஒதுக்கித்தான் திட்டமிட்டார்கள். பாசன அணையில் காலி இடம் என்றால் கைக்கு வராத தண்ணீர். நவம்பரில் அடவிநயினாரைப் பத்து அடி இறக்கி வையுங்கள் என்று யாராவது சொன்னால், பிசானம் நட்ட விவசாயி ஒப்புக்கொள்வாரா? ஒப்புக்கொள்ள மாட்டார், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. பத்து அடி இறக்கினால் என்ன கிடைக்கும் என்றும் பார்க்க வேண்டும். பள்ளத்தாக்கைக் கூம்பு வடிவமாக வைத்துக் கணக்கிட்டால், உச்சிப் பத்து அடியில் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு, தோராயமாக 36 மில்லியன் கன அடி தேங்கும். விநாடிக்கு ஆயிரம் கன அடி வந்தால் அது பத்து மணி நேரத்தில் நிரம்பும். மூவாயிரம் வந்தால் மூன்று மணி நேரம் சொச்சம். இரவு படுக்கும்போது பத்து அடி பாக்கி இருந்த அணை விடிவதற்குள் நிரம்பி மறுகால் பாய்வது அபூர்வமான காரியம் இல்லை. ஒரே நாளில் பல அடி உயர்ந்தது என்று நாளிதழில் படித்திருப்பீர்கள்.

மறுகால் பாயத் தொடங்கிய நிமிஷத்திலிருந்து அணையின் வெள்ளத் தடுப்பு வேலை முடிந்துபோகிறது. உள்ளே ஆயிரம் கன அடி வந்தால் வெளியே ஆயிரம். உள்ளே ஐயாயிரம் வந்தால் வெளியே ஏறக்குறைய ஐயாயிரம். ஷட்டர் உள்ள அணையானாலும் இல்லாத அணையானாலும், சிறிய கொள்ளளவு நிரம்பியபின் கணக்கு இதுதான். பாசன மதகு வழியாக முன்கூட்டியே இறக்கிவிடலாம் என்பதும் நடக்காது. பாசனத்துக்கான மதகு பாசன அளவுக்குத்தான் தண்ணீர் விடும்; மலைவெள்ளத்தை அதன் வழியாக வடித்துவிட முடியாது.

அணை கட்டியபின் கீழே இருப்பவர்களின் மனத்திலும் நிலத்திலும் ஒரு மாற்றம் நடக்கிறது. வெள்ளத்தைவிட இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். அணை இல்லாத காலத்தில் வருஷத்துக்கு நாலைந்து தடவை சின்னச் சின்ன வெள்ளம் வந்து ஆற்றின் எல்லையை நினைவூட்டிவிட்டுப் போகும். கரையில் எதுவரை தண்ணீர் வரும் என்று ஊருக்குத் தெரியும். அணை அந்தச் சின்ன வெள்ளங்களை விழுங்கிவிடுகிறது. ஆறு பல மாதம் காய்ந்து கிடக்கிறது. ஆற்றுப் புறம்போக்கில் முதலில் மாடு கட்டுவார்கள், பிறகு தென்னங்கன்று வைப்பார்கள், வேலி போடுவார்கள், கடைசியில் சுவர் எழும்பும். பாலத்துக்கடியில் குப்பை சேரும், முள் மண்டும். பத்து வருஷம் பெரிய வெள்ளம் வரவில்லை என்றால், இனி வராது, அணைதான் இருக்கிறதே என்ற நம்பிக்கை வேரூன்றிவிடும். சின்ன வெள்ளங்களைத் தடுத்த அதே அணை, பெரிய வெள்ளத்தை அப்படியே விடுகிறது. அது வரும்போது ஆற்றின் வழி முன்னைவிடக் குறுகியிருக்கிறது. வழியில் முன்னைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள்.

சென்னைக்கு 2015 வெள்ளத்தில் கிடைத்த பாடம் இதுவே. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, நம் அணையைப்போல் இருபது மடங்கு. குடிநீருக்காக அதை நிரப்பி வைத்திருந்தார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் விட வேண்டி வந்தது. நீரை வெளியேற்றிய விதத்தை மத்தியத் தணிக்கைத் துறை தன் அறிக்கையில் கடுமையாகக் கண்டித்து, அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே குறிப்பிட்டது. அந்த விவாதத்தில் ஒரு பாதியைத்தான் எல்லோரும் பேசினார்கள். முன்னாடியே திறந்திருக்கலாமா என்பது ஒரு கேள்வி. திறந்தால் தண்ணீர் போக அடையாற்றில் இடம் இருந்ததா என்பது அடுத்த கேள்வி. அனுமன் நதிக்கும் இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

அணை உடைந்துவிடும் என்று பயமுறுத்தும் செய்திகளை வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்கள் உண்டு. அந்த வேலையை நான் செய்யவில்லை. ஆனால் அணைகள் எதனால் தோற்றன என்று தெரிந்திருப்பது நல்லது. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கத்தில் உள்ள குடகனாறு அணை 1977 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. மண்ணால் கட்டிய கரை. ஷட்டர்களைத் தூக்கப் பணியாளர்கள் முயன்றபோது மின்சாரம் போய்விட்டது. பாதி தூக்கிய நிலையில் ஜெனரேட்டரை ஓட்டினார்கள், அதுவும் உதவவில்லை. கையால் சுற்றித் தூக்கினார்கள். வருகிற தண்ணீர் போகிற தண்ணீரைவிட அதிகமாகி, கரைமேல் ஏறி வழிந்து, மண்ணை அரித்துப் பல இடங்களில் கரையைப் பிளந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1979 ஆகஸ்ட் 11 அன்று, குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணை இதேபோல் நிரம்பி வழிந்து உடைந்து மோர்பி நகரத்தை அழித்தது. மறுகால் எவ்வளவு வெள்ளத்தைத் தாங்கும் என்று வடிவமைப்பாளர்கள் கணக்கிட்டிருந்தார்களோ, அதைப்போல் மூன்று மடங்கு அன்றைக்கு வந்தது. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றே: இதற்குமேல் மழை பெய்யாது என்று வடிவமைப்பில் போட்ட கோட்டை மழை தாண்டினால் என்ன ஏற்பாடு?

மேக்கரை அணையைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அணை நிரம்பினால் உபரி நீர் உயரத்திலிருந்து வெள்ளையாக விழும். குற்றாலத்தில் கூட்டம், இங்கே போய்க் குளிக்கலாம் என்று குடும்பத்தோடு வருகிறார்கள். நாற்பது மீட்டர் உயரச் சுவரின் மேலிருந்து வரும் தண்ணீருக்கு என்ன விசை இருக்கும் என்பதை யோசிக்க வேண்டும். அந்த விசையை அடக்கத்தான் அணையின் அடியில் கான்கிரீட் தளம் போட்டுத் தண்ணீரைச் சுழல வைக்கிறார்கள். அது மனிதர் நிற்கும் இடமே இல்லை. இன்னொன்று, மலைமேல் பெய்வது கீழே தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாறு பாய்ந்து பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அருவிக்கரையில் இருந்த மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். அருவிக்குச் சொன்னது மறுகாலுக்கும் பொருந்தும். கீழே வெயில் அடிப்பதை வைத்து மேலே மழை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அணைப் பகுதியில் மழை அளக்கிறார்கள். மறுநாள் நாளிதழில் வருகிறது. ஆனால் அது காலையோடு முடிந்த 24 மணி நேரத்தின் அளவு. நாம் படிக்கும்போது அந்தத் தண்ணீர் வீரகேரளம்புதூர் பக்கத்தில் சிற்றாற்றில் கலந்திருக்கும். மேக்கரைக்கும் வடகரைக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். வெள்ளம் விநாடிக்கு இரண்டு மீட்டர் ஓடினாலே மணிக்கு ஏழு கிலோமீட்டர். மறுகால் பெருகியபின் எச்சரிக்கை புறப்பட்டால், வடகரைக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். அச்சன்புதூருக்கும் அதற்குக் கீழே இருப்பவர்களுக்கும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். இரவு இரண்டு மணிக்கு அந்த ஒரு மணி நேரத்தில் யார் யாரை எழுப்புவது, வயதானவர்களை எங்கே கொண்டுபோவது, மாட்டை யார் அவிழ்த்துவிடுவது என்பதை மழை பெய்யும்போது யோசித்துப் பயனில்லை.

மலையில் நடப்பதையும் விட்டுவிட முடியாது. குற்றாலம் மலையடிவாரத்தில் ஓடைகளைத் திருப்பித் தனியார் அருவிகள் உண்டாக்கியது வழக்காகி, 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட வேண்டி வந்தது. ஓடையின் பாதையை மாற்றினால் வெள்ளம் எதிர்பாராத பக்கம் இறங்கும். மேலே சரிவைக் கிண்டினால் மண் அணைக்குள் வந்து சேரும். 174 மில்லியன் என்பது கட்டியபோது இருந்த கொள்ளளவு. வண்டல் சேரச் சேர அது குறையும். அணையில் அளவுகோலில் தெரியும் அடி மட்டும் அப்படியே இருக்கும்.

இதற்கெல்லாம் புதிதாகச் சட்டம் வேண்டாம். சட்டம் இருக்கிறது. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள எல்லா அணைக்கும் அது பொருந்தும். அடவிநயினார் அதில் அடக்கம். ஏற்கெனவே கட்டி நிரப்பப்பட்ட ஒவ்வொரு அணைக்கும் ஐந்து ஆண்டுக்குள், அதாவது 2026 டிசம்பர் 30-க்குள், அவசரகாலச் செயல்திட்டம் தயாரித்தாக வேண்டும் என்பது அதன் கட்டளை. வெள்ளம் வந்தால் எந்தெந்தப் பகுதி மூழ்கும், யாருக்கு எப்படிச் செய்தி போகும், மக்கள் எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டும். நீர்வரத்தை முன்கூட்டிக் கணிக்கும் ஏற்பாடும், கீழ்ப்பகுதியில் எச்சரிக்கை ஏற்பாடும் அணைக்குச் சொந்தக்காரரின் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. இங்கே சொந்தக்காரர் தமிழக அரசு. கவனிப்பது நீர்வளத் துறை.

அந்தத் திட்டம் அலுவலக அலமாரியில் இருந்தால் போதாது. மூழ்கும் பகுதியைக் காட்டும் வரைபடம் வடகரை பேரூராட்சி அலுவலகச் சுவரிலும், பண்பொழி, அச்சன்புதூர், சாம்பவர்வடகரை அலுவலகச் சுவர்களிலும் தமிழில் மாட்டப்பட வேண்டும். அணை நிரம்பிய பிறகு அறிவிக்கும் பழக்கத்தை மாற்றி, 120 அடியிலேயே முதல் அறிவிப்பு என்று வைக்க வேண்டும்; குறுகலான பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் அந்தப் பன்னிரண்டு அடி சில மணி நேரத்துச் சமாச்சாரம். மலை உச்சியில் தானியங்கி மழைமானி, ஆற்றோர ஊர்களில் சைரன், ஆற்றின் எல்லையை அளந்து கல் நடுவது ஆகியவற்றுக்கு அணை கட்டும் செலவில் சிறு பங்குகூட ஆகாது.

வடகரைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த பேரூராட்சிக் கூட்டத்துக்கு முன் உங்கள் வார்டு உறுப்பினரைப் பாருங்கள். அடவிநயினார் அணையின் அவசரகாலச் செயல்திட்டம் தயாராகிவிட்டதா, அதில் நம் தெரு இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்ப் பதிலோடு விடாமல், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நீர்வளத் துறைக்கு எழுதி நகல் வாங்குங்கள். ஆற்றோரம் வீடு உள்ளவர்கள் அக்டோபர் பிறக்கும் முன்பே மேட்டில் ஒரு வீட்டைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாளிதழுக்குக் காத்திருக்காமல், அடவிநயினார் 120 அடியைத் தொட்டது என்று தெரிந்த உடனேயே வயதானவர்களையும் குழந்தைகளையும் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.